லயத்துக் காம்பராவுக்கு வெளிச்சம்: முதலில் கூரை, அப்புறம் சுவர், கடைசியில் பல்ப்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கும் காம்பராவில், அதாவது அறையில், பல்ப் எரிய வேண்டியிருக்கிறது என்றால், பெரிய பல்ப் வாங்கிப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். இருட்டாக இருக்கிறது, கூடின வாட்ஸில் ஒரு பல்ப் போட்டுக் கொடுங்கள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்குள் போனதும் நான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். அப்புறம் சுவரை. பல்பை இறுதியாகத்தான் பார்ப்பேன். செலவு செய்யும் வரிசையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பிள்ளைகள் அரை இருட்டில் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு படிப்பது பழகிப்போன காட்சியாகிவிட்டது. அது பழகிப்போகக் கூடாத காட்சி.

லயம் ஏன் இருட்டாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரண்டு பக்கச் சுவருக்கும் அப்பால் பக்கத்து வீட்டுக்காரர். இரட்டை லயமாக இருந்தால் முதுகுச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குடும்பம். மிச்சமிருப்பது முன்பக்கம் மட்டும். அங்கே இருக்கும் இஸ்தோப்பையும் (முன் திண்ணையையும்) இடம் போதாமல் பலகையோ தகரமோ வைத்து அடைத்து இன்னொரு அறையாக்கிவிட்டோம். பிள்ளைகள் வளரும்போது வேறு வழியில்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிச்சம் வந்த ஒரே வாசலும் அதோடு அடைபட்டது. முன்னால் தேயிலை மலையோ மேல் லயத்தின் மண் சுவரோ எழும்பி நின்றால், ஜன்னலைத் திறந்தாலும் தெரிவது மண்தான், வானம் தெரியாது.

வானம் இருப்பது தலைக்கு மேலே. அதனால்தான் கூரையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நம் மேற்குச் சரிவுகளில் மழையையும் மூட்டத்தையும் கொண்டுவந்து கொட்டும். கிழக்குச் சரிவான ஊவா பக்கத்தில் இருட்டு மாதங்கள் டிசம்பரை ஒட்டி வரும். அடர்ந்து மூட்டம் போட்ட வானம் எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்காது. உச்சி வானம் அடிவானத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கும். வெயில் நாளிலும் நமக்குச் சாதகம்தான்: பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்கு அருகில் இருக்கிறோம், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. ஒரே அளவில் சுவரில் ஒரு ஜன்னலும் கூரையில் ஒரு திறப்பும் வைத்தால், கூரைதான் பல மடங்கு வெளிச்சம் தரும்.

கூரையில் ஒரு தகடு

கை வைப்பதற்கு முன்னால் தோட்ட ஆபீஸில் கேட்டுவிடுங்கள். லயம் பெரும்பாலும் நிர்வாகத்தின் பெயரில்தான் இருக்கிறது. கூரைத் தகரத்தைக் கழற்றுவதைக் கண்டால் கேள்வி வரும். ஒரு கடிதம் எழுதி, எந்த இடத்தில் எந்த அளவு என்று குறித்துக் கொடுத்தால் பிறகு தகராறு இருக்காது. பல வீட்டார் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரைத் தகடுகள் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கின்றன. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதை வாங்காதீர்கள். பால் வெள்ளை நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். தெளிவான தகட்டின் வழியே வெயில் ஒரு கட்டமாகத் தரையில் விழும், அந்த இடம் கண்ணைக் கூசும், மற்ற மூலைகள் இருட்டாகவே இருக்கும். பால் வெள்ளைத் தகடு வெளிச்சத்தைச் சிதறடித்து நான்கு சுவருக்கும் அனுப்பும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு இல்லாத தகடு சில வருடத்தில் மஞ்சளாகி நொறுங்கிவிடும்.

அடுத்தது தகட்டின் அலை. லயத்துப் பழைய தகரங்களில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு மூன்று அங்குலம் இருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். புதிய தகடுகளில் பல அளவுகள் வருகின்றன. ஒரு கார்ட்போர்ட் மட்டையைத் தகரத்தின் விளிம்பில் வைத்து அலையை அப்படியே பென்சிலால் வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அலை பொருந்தவில்லை என்றால் எத்தனை டியூப் சிலிகன் பிதுக்கினாலும் ஒழுகும்.

எவ்வளவு பெரிதாக வைப்பது? தரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நூற்றிருபது சதுர அடிக் காம்பராவுக்கு ஆறு சதுர அடி, அதாவது இரண்டடிக்கு மூன்றடி. அதைவிடப் பெரிதாக்கினால் இரவில் குளிர் இறங்கும், வெயில் நாளில் சூடேறும். இடத்தையும் யோசித்து வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், புகை படிந்து மாதக்கணக்கில் கறுத்துவிடும், புகைக்குழாயின் சூடும் ஆகாது. கட்டிலுக்கு மேலேயும் வேண்டாம். காம்பராவின் உள்பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் எட்டாத பாதியில் வைத்தால்தான் செலவுக்குப் பலன் தெரியும்.

பொருத்தும்போது தகட்டின் மேல் முனை மேலே உள்ள தகரத்துக்கு அடியில் போக வேண்டும். கீழ் முனை கீழே உள்ள தகரத்துக்கு மேலே வர வேண்டும். இரண்டு இடத்திலும் ஆறு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். பக்கவாட்டில் ஒன்றரை அலை. ஆணியோ ஸ்க்ரூவோ அலையின் மேட்டில்தான், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். பிளாஸ்டிக் சூட்டில் விரியும் என்பதால் துளையை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்குங்கள். இறுக்கி நசுக்க வேண்டாம்.

கூரையில் ஏறுகிறவர் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் இருந்து வேலை செய்யட்டும். துருப்பிடித்த தகரம் ஆளைத் தாங்காது, புதிய பிளாஸ்டிக் தகட்டில் எப்போதுமே கால் வைக்கக் கூடாது. மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். காலையில் ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் விஷயம் வேறு. அதை அறுக்கவும் துளைக்கவும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டு, முழுத் தகடாகக் கழற்றி அதே அளவில் ஒளித் தகட்டை வைப்பதுதான் சரி.

குளிருக்காகப் பலர் சீலிங் அடித்திருக்கிறார்கள். அப்போது கூரைத் தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே பலகையால் ஒரு பெட்டி செய்து, உள்பக்கம் முழுக்க வெள்ளை அடியுங்கள். பெட்டியின் வாய் மேலே சிறியதாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் வெளிச்சம் நன்றாகப் பரவும். அடியில் இன்னொரு மெல்லிய தெளிவான தகட்டை வைத்து மூடிவிட்டால், விடியற்காலையில் பனிநீர் சொட்டுவதும் குறையும், சூடும் வெளியேறாது.

தகடு வாங்க வசதியில்லாத இடத்தில் போத்தல் விளக்கு செய்யலாம். பிரேசிலைச் சேர்ந்த அல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002இல் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு லீட்டர் தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு மூடி ப்ளீச் ஊற்றி, கூரைத் தகரத்தில் வட்டமாக வெட்டிய துளையில் செருகி நிறுத்துவதுதான் விஷயம். மேலே மூன்றில் ஒரு பங்கு வெயில் படும்படி, மிச்சம் வீட்டுக்குள். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட்ஸ் பழைய பல்ப் அளவுக்கு வெளிச்சம் தரும். மூட்டத்தில் குறையும். குசினிக்கும் (சமையலறைக்கும்) கழிப்பறைக்கும் இது போதும். படிக்கிற அறைக்குத் தகடுதான் வேண்டும் என்பேன். ஒழுகாமல் அடைப்பதுதான் இதில் பெரிய வேலை: ஒரு தகரத் துண்டில் துளை போட்டு, அதன் விளிம்பைப் பல்பல்லாக வெட்டி மேல்நோக்கி மடித்து, போத்தலைச் சுற்றிப் பிடிக்க வைத்து, அதன்மேல் சிலிகன் பூசுங்கள்.

கறுத்த சுவர்

கூரை வழியாக உள்ளே வந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பினால்தான் நமக்குப் பயன். வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் நூற்றுக்கு எண்பது பங்கு அளவுக்குத் திருப்பித் தரும். விறகுப் புகை படிந்த சுவர் பத்துப் பங்கு திருப்பித் தந்தாலே அதிகம்.

புகைக் கறையின்மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால், கொஞ்ச நாளில் பழுப்பு நிறத்தில் கறை மேலே ஊறி வந்துவிடும். முதலில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு விளக்குமாற்றால் மேலிருந்து கீழாக ஒட்டடையையும் புகைத்தூளையும் தட்டி எடுங்கள். பழைய எனாமல் பெயின்ட் அடித்த இடத்தைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கக்கூடும், பிள்ளைகளுக்கு ஆபத்து. பிறகு சுடுதண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பொஞ்சால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் கறுப்புத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடாக இறங்கி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெறும் தண்ணீரால் இரண்டு தரம்.

நன்றாகக் காய்ந்ததும், கறை அதிகமான இடத்துக்கு எண்ணெய் கலந்த ப்ரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் மங்கலான வெள்ளை எமல்ஷன். ஈரம் ஊறும் சுவர் என்றால் எமல்ஷன் தோல் தோலாக உரிந்துவிடும். அங்கே சுண்ணாம்புதான் நல்லது, சுவர் மூச்சுவிடும். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் நீற்றி, துணியில் வடிகட்டி, ஒரு பிடி உப்பு சேர்த்து, மெல்லியதாக இரண்டு மூன்று தரம் அடியுங்கள். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நீலம் கலப்பதென்றால் ஒரு சிட்டிகை போதும்.

அழுக்காகிவிடும் என்று சுவர் முழுக்கக் கடும் பச்சையும் நீலமும் அடிக்கிறவர்கள் உண்டு. கை படும் உயரம் வரை, அதாவது தரையிலிருந்து மூன்றடிக்கு, விருப்பமான நிறத்தை அடியுங்கள். அதற்கு மேலே வெள்ளை. கூரையின் அடிப்பக்கமும் வெள்ளையாக வேண்டும். உரப்பையைத் தைத்துச் சீலிங் கட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சீலிங் தகடு போடுங்கள். அடுப்புக்கு மேலே உரப்பை தொங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுப்பைக் கவனிக்காமல் சுவரை மட்டும் வெளுப்பது வீண் வேலை. அனகி மண் அடுப்பு வாங்கி வையுங்கள். ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம், விறகும் குறையும். அதோடு ஒரு புகைக்குழாயும் போட்டால் அடித்த வெள்ளை பல வருடம் நிற்கும்.

ஜன்னலுக்குச் செய்ய வேண்டியது சுருக்கம். பலகைக் கதவுக்குப் பதில் கண்ணாடி போடுங்கள், ஜன்னலை மறைத்து நிற்கும் அலுமாரியை நகர்த்துங்கள், அடைத்த இஸ்தோப்பின் மேல் ஒன்றரை அடியை மட்டும் ஒளித் தகடாக மாற்றுங்கள். வெளியே ஜன்னலுக்கு எதிரே கான் (வடிகால்) கட்டுச் சுவர் இருந்தால் அதற்கும் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், அதில் பட்ட வெளிச்சம் உள்ளே வரும்.

பல்ப் எங்கே தொங்க வேண்டும்

பொகவந்தலாவ பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். "தம்பி, இருபது வாட்ஸ் ஒண்ணு போட்டுக் குடுங்க. ஊசியில நூல் கோக்க முடியல" என்றார். காம்பரா நடுவில், கூரை வளையிலிருந்து ஒரு பல்ப் தொங்கியது. மெஷின் சுவரோரம். அவர் உட்கார்ந்ததும் அவருடைய தலை நிழலே ஊசியின்மேல் விழுந்தது. இருபது வாட்ஸ் போட்டாலும் நிழல் இன்னும் கறுப்பாகத்தான் விழும். மெஷினுக்கு இடது பக்கமாக, துணியிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், உள்பக்கம் வெள்ளையான ஒரு ஷேட் மாட்டி 5 வாட்ஸ் எல்.ஈ.டி. போட்டேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிகிறது என்று அவர் விரலால் தையலைத் தடவாமலே காட்டினார்.

தூரம் பாதியானால் பொருளின்மேல் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். எட்டடி உயரத்துப் பல்பை நாலடிக்கு இறக்கிய மாதிரி ஒரு லாபம் எந்தப் பெரிய பல்பிலும் கிடைக்காது. ஆகவே பொதுவான வெளிச்சத்துக்கு ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்கு ஒன்று. படிக்கும் மேசைக்கு வலக்கையால் எழுதும் பிள்ளை என்றால் இடது பக்கத்திலிருந்து, இடக்கை என்றால் வலது பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். பல்ப் நேரே கண்ணில் தெரியக் கூடாது. குசினியில் அடுப்பின் முன்னால் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் பல்ப் இருந்தால் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, முன்பக்கச் சுவருக்கு மாற்றுங்கள்.

வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் லூமென் என்று ஒரு எண் இருக்கும், வெளிச்சத்தின் அளவு அதுதான். ஒரு 9 வாட்ஸ் எல்.ஈ.டி. 800 லூமெனுக்கு மேல் தர வேண்டும், அது பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சம். மாலையில் ஐந்து மணி நேரம் எரித்தால் குண்டு பல்ப் மாதத்துக்கு 9 அலகு (யூனிட்) இழுக்கும். எல்.ஈ.டி. ஒன்றரை அலகைக்கூடத் தொடாது. மாதத்தில் 60 அலகைத் தாண்டுவதும் தாண்டாததும் பில்லில் பெரிய வித்தியாசம் செய்யும் என்பதை எல்லாரும் அறிவோம். எங்கள் பக்கம் மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் அடுப்பும் டீவியும் விளக்கும் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். பெட்டியில் 220-240 என்று மட்டும் இருப்பதை விட்டுவிட்டு, 100 முதல் 265 வோல்ட் வரை என்று போட்டிருப்பதை எடுங்கள். ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நிறத்தில், படிக்கவும் தைக்கவும் 6500 கெல்வின் வெள்ளை, படுக்கிற அறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் இதமாக இருக்கும்.

வயரில் விளையாட வேண்டாம்

லயத்தில் தீப்பிடித்த செய்தி வரும்போதெல்லாம் "மின் ஒழுக்கு" என்று ஒரு வரி இருக்கும். பல லயங்களில் கூரைக்கு அடியில் காம்பராவுக்குக் காம்பரா தடுப்பு கிடையாது, சுவர் மேலே முட்டாமல் நின்றுவிடும். ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடுவது அதனால்தான். உங்கள் ஒரு வயர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் உயிரோடும் சேர்ந்தது.

பக்கத்து வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுத்துப் பல்ப் போடாதீர்கள். மெல்லிய இரட்டை வயரை ஆணியால் வளையில் அடிக்காதீர்கள். விளக்குக்கு 1/1.13 வயர் (1.13 மில்லிமீட்டரில் ஒரு இழை), பிளக்குக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீட்டரில் ஏழு இழை), இரண்டும் குழாய்க்குள் போக வேண்டும், எலி கடிக்காது. விளக்கு வரிசைக்கு 6 அம்பியர் பிரேக்கர். ஸ்விட்ச் கரண்ட் வரும் உயிர் வயரை வெட்ட வேண்டும், திரும்பிப் போகும் நியூட்ரலை அல்ல. நியூட்ரலை வெட்டியிருந்தால் ஸ்விட்ச் போட்டு அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்ப் மாற்றக் கை வைத்தவர் தூக்கி எறியப்படுவார். தகரக் கூரையும் ஈரச் சுவரும் உள்ள வீட்டில் கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் இல்லாமல் இருக்கவே கூடாது. அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். பல்ப் மாற்றுவதைத் தவிர இந்த வேலைகளை எல்லாம் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

கரண்ட் போகும் இரவுகள்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடு முழுக்கக் கரண்ட் வெட்டினார்கள். அது முடிந்தாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது நம் மலையில் நிற்கவில்லை. சார்ஜ் ஏறும் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றைப் படிக்கும் மேசை ஹோல்டரிலேயே போட்டு வையுங்கள், கரண்ட் போனாலும் தானே எரியும். சிறிய சோலார் விளக்கு வைத்திருப்பவர்கள் அதன் பலகையை இஸ்தோப்பு இறவாரத்தின் நிழலில் தொங்கவிடுகிறார்கள். காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை நிழல் விழாத கூரை விளிம்பில், ஏறக்குறைய தட்டையாக, மழைநீர் வழியும் அளவுக்கு மட்டும் சாய்த்து வைத்தால்தான் முழுதாகச் சார்ஜ் ஏறும்.

மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பைத்தான் ஏற்ற வேண்டும் என்றால், சோடா போத்தலிலும் மருந்துப் போத்தலிலும் திரி போட்டு வைக்காதீர்கள். தட்டிவிட்டால் உருண்டு எண்ணெயோடு தீயும் பரவும். தீக்காயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த நம் நாட்டு அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, இதற்காகவே குட்டையான, கனமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட பாதுகாப்பு லாம்பை உருவாக்கி, 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். சரிந்தாலும் அது உருளாது, எண்ணெயும் கொட்டாது. லாம்பைத் தரையில் வைக்காமல், பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில், சேலையும் திரைச்சீலையும் படாத சுவர்த் தட்டில் வைத்து, படுக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள்.